வழுவமைதியும் நகர்மனை விதியும்

விதியை வகுத்தல் எளிது. அவ்விதியினின்று ஒருவர்க்கு விலக்களித்தல் அரிது. யாருக்கு, எக்காரணத்தால், எத்துணை அளவிற்கு அளிப்பது என்பதே அவ்வருமை. இவ்வினாவை நம் இலக்கண ஆசிரியர்கள் சொல்லதிகாரத்தில் எதிர்கொண்டனர். இருபதாம் நூற்றாண்டில் பெருநகரங்களின் ஆட்சியாளர்கள் மனையும் மாடமும் பற்றிய விதிகளில் எதிர்கொண்டனர். இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவதற்குக் காரணம் வெறும் உவமை நயம் அன்று. நகரச் சட்டங்களின் வரலாற்றைத் தமிழில் எழுதப் புகுவார்க்கு, விலக்கின் வகைகளைப் பிரித்தறியும் கலைச்சொற்கள் வேண்டும். அவை நம் இலக்கண மரபில் ஆயத்தமாக உள்ளன என்பது நமது துணிபு.

திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடத்தும் சொல் மயங்குமாயின் அது வழு. மயங்காது நிற்பின் வழாநிலை. மயங்கியும் யாதானும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. தன் வீட்டு ஆவின் மேல் அன்புடையான் ஒருவன், அது கொட்டில் புகுவதைக் கண்டு ‘தாய் வருகின்றாள்’ என மகிழ்ந்து கூறின், அஃறிணை உயர்திணையாயிற்று. இஃது இழுக்கே; ஆயினும் மகிழ்ச்சி காரணமாக அமைந்தது. நன்னூலார் இத்தகைய திணைபால் மயக்கத்திற்கு மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு என ஐந்து காரணங்களை வரையறுத்தார். காரணம் இல்லாத இடத்தில் அமைதியும் இல்லை.

ஈண்டு மூன்று கூறுகளைக் கருத வேண்டும். அமைக்கப்படுவது வழுவே என்பது முதலில் ஒப்புக்கொள்ளப்படுகிறது, விதி மாறுவதில்லை. காரணம் பெயர் சொல்லிச் சுட்டப்படுகிறது. அக்காரணம் செல்லும் எல்லை வரையே அமைதியும் செல்கிறது. உரையாசிரியர்கள் வழுக்காத்தலை இருவகையாக்கி, வழுவற்க எனக் காத்தல் ஒன்று, வழுவை அமைத்துக் காத்தல் ஒன்று என்பர். அமைத்தலையும் காத்தல் என்றே எண்ணிய இந்நுட்பம் நம் கட்டுரைக்கு அடிப்படை. புறனடை இதனின் வேறு. விதியுள் அடங்காது எஞ்சியவற்றைத் தழுவுவது புறனடை. விதிக்கு மாறானதைக் காரணம் பற்றித் தழுவுவது வழுவமைதி. மாணவர் சிலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதை விடைத்தாள்களிற் காண்கிறோம். நகரச் சட்டத்திலும் இம்மயக்கம் உண்டு: ஒரு பகுதியின் நிலப்பயனையே வணிகமாக மாற்றி அறிவிப்பது நூற்பாவைத் திருத்துவது போன்றது, ஒரு மனைக்கு மட்டும் விதியைத் தளர்த்துவது வழுவமைதி போன்றது.

இனி வரலாற்றுக்கு வருவோம். அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில், பிராட்வே என்னும் தெருவின் 120ஆம் எண்ணில், 1915ஆம் ஆண்டில் ஈக்விட்டபிள் கட்டடம் எழுந்து நின்றது. 38 மாடி. தெருவின் விளிம்பிலிருந்து சிறிதும் பின்வாங்காது நேரே மேலெழுந்தது. அதன் தளங்களின் மொத்தப் பரப்பு அது நின்ற மனையின் பரப்பைப் போல் ஏறத்தாழ 30 மடங்கு. அண்டை வீட்டார்க்கு வெயிலும் காற்றும் மறைந்தன, வாடகை வீழ்ந்தது. இக்கட்டடம் ஒன்றே மண்டல விதிகளைப் பிறப்பித்தது எனக் கூறுவாரும் உளர். அது மிகைக்கூற்று. கட்டடங்களின் உயரம் பற்றி ஆராய 1913இலேயே எட்வர்டு பாசெட் என்பார் தலைமையில் குழு ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. ஐந்தாம் நிழற்சாலையின் வணிகர்கள், தம் கடைத்தெருவினுள் தையற்கூடங்கள் நெருங்கி வருவதைத் தடுக்க முன்னரே முறையிட்டு வந்தனர். ஈக்விட்டபிள் கட்டடம் அம்முறையீட்டுக்குக் கண்கூடான சான்றாயிற்று.

1916 சூலை 25 அன்று நியூயார்க் நகரம் தன் நிலம் முழுவதையும் குடியிருப்பு, வணிகம், கட்டுப்பாடற்றது எனப் பகுத்தும், தெரு அகலத்திற்கேற்பக் கட்டட உயரத்தை வரையறுத்தும் விதி வகுத்தது. ஒரு நகரம் முழுவதையும் தழுவிய இத்தகைய விதி அமெரிக்க நாட்டில் அதுவே முதலாவது. அதே ஆண்டில் முறையீட்டுக் குழு ஒன்றும் தோற்றுவிக்கப்பட்டது. விதியின் எழுத்தை அப்படியே நடைமுறைப்படுத்துதல் தேவையற்ற இடர்ப்பாட்டை விளைக்குமிடத்து, விதியின் கருத்துச் சிதையாமலும் பொதுமக்கள் பாதுகாப்புக் குறையாமலும் நீதி நிலைபெறவும் அவ்வெழுத்தைத் தளர்த்தும் அதிகாரம் அக்குழுவிற்கு வழங்கப்பட்டது. எழுத்து வேறு, கருத்து வேறு எனப் பிரித்து நோக்கிய இத்தொடரே பின்னர் நாடெங்கும் பரவிய விதித்தளர்வுச் சட்டங்களுக்கு வித்து.

இவ்வதிகாரம் இரக்கத்தால் வழங்கப்பட்டதன்று, அச்சத்தால் வழங்கப்பட்டது. ஒருவன் நிலத்தை இழப்பீடின்றி அரசு எடுத்தல் அந்நாட்டு அரசியலமைப்புக்கு முரண். நகரமோ சதுரமும் சமமும் ஆன மனைகளால் ஆயதன்று. பாறை உண்டு, சதுப்பு உண்டு, தெருக்கள் குறுக்கே ஓடிக் கிழித்துவிட்ட முக்கோண மூலைகள் உண்டு. பொதுவிதி அத்தகைய மனையில் விழும்போது அதைப் பயனற்றதாக்கிவிடும். உரிமையாளர் நீதிமன்றம் செல்வார். நீதிமன்றம் அம்மனையோடு விதியையும் சேர்த்து வீழ்த்தக்கூடும். பாசெட்டும் அவர் போன்ற சட்ட அறிஞரும் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். ஆதலின் விலக்கு என்பது விதிக்கு அரணாகவே கருதப்பட்டது. அமைத்தலும் காத்தலே என்னும் நம் உரையாசிரியர் கொள்கைக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் காட்டல் அரிது. அவர்தம் அச்சம் வீணன்று. 1926இல் ஓகையோ மாநிலத்து யூக்ளிட் சிற்றூரின் வழக்கில் மண்டல விதி செல்லும் எனத் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றமே, 1928இல் கேம்பிரிட்சு நகரத்து மனை ஒன்றின் வழக்கில், அம்மனையளவில் விதி செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

‘தேவையற்ற இடர்ப்பாடு’ என்பது யாது? எவனுக்குத்தான் விதி இடர்ப்பாடு தராது? நான்கு மாடி கட்ட இசைவு பெற்றவன் ஐந்தாவது மாடி இன்மையை இடர்ப்பாடு என்பான். இத்தொடர்க்குப் பொருள் வரையறுத்தது நியூயார்க் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம், 1939இல், ஆட்டோ என்பார்க்கும் சுடைன்கில்பர் என்பார்க்கும் இடையே நடந்த வழக்கில். விதிப்படி பயன்படுத்தினால் நிலம் நியாயமான வருவாய் தராது என்பதும், அவ்விடர் அம்மனைக்கே உரிய சூழலால் வந்தது, சுற்றுப்புறம் முழுமைக்கும் பொதுவானதன்று என்பதும், கேட்கும் தளர்வு அவ்விடத்தின் இயல்பை மாற்றாது என்பதும் மெய்ப்பிக்கப்பட வேண்டும் எனக் கூறிற்று. இவற்றுள் இரண்டாவது கூர்ந்து நோக்கற்பாலது. இடர் எல்லார்க்கும் பொதுவாயின் பிழை விதியிலேயே உள்ளது. விதியைத் திருத்த வேண்டுமேயன்றி ஒருவர்க்கு மட்டும் விலக்களித்தல் தகாது. புறனடைக்கும் வழுவமைதிக்கும் உள்ள வேற்றுமையை அந்நீதிமன்றம் தன் வழியில் கண்டுகொண்டது எனலாம்.

1961இல் நியூயார்க் தன் விதிகளை முற்றிலும் புதுக்கி எழுதியபோது, விதித்தளர்வுக்கு ஐந்து மெய்ப்பாடுகளை வேண்டிற்று. மனையின் ஒழுங்கற்ற வடிவம், குறுகிய அகலம், குறைந்த ஆழம், நிலத்தின் மேடுபள்ளம் போன்ற தனித்த இயற்கூறு இருத்தல். அதன் விளைவாக விதிப்படி கட்டின் நியாயமான வருவாய் கிட்டாமை. தளர்வினால் சுற்றுப்புறத்தின் அடிப்படை இயல்பு மாறாமை. இடர்ப்பாடு உரிமையாளர் தாமே விளைத்துக்கொண்டதாக இல்லாமை. இடரை நீக்கப் போதுமான குறைந்த அளவே தளர்வு இருத்தல். அறநிலையங்கள் இலாபம் கருதாமையின் இரண்டாவதனை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. நான்காவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கட்டுப்பாடுள்ள மனை என அறிந்தே ஒருவர் வாங்கினார் என்பது மட்டுமே அவர் இடரைத் தாமே வருவித்துக்கொண்டார் என்பதற்குச் சான்றாகாது. வாங்கியவரைத் தண்டிப்பின், விற்றவர்க்கிருந்த உரிமையும் விற்பனையோடு மாய்ந்துவிடும் என்பது இதன் உட்கோள் போலும்.

நன்னூலார் கூறிய காரணமும் ஐந்து, நியூயார்க் கூறியதும் ஐந்து என்பது தற்செயலே. எண்ணொற்றுமையைக் கொண்டு யாதும் நிறுவ முயல்வார் நகைப்பிற்கிடமாவர். வேற்றுமை ஒன்றையும் மறைத்தல் கூடாது. இலக்கணத்தில் ஐந்தனுள் ஒன்று அமையினும் போதும். நகர விதியில் ஐந்தும் ஒருங்கே அமைய வேண்டும். சொல்லின் வழு கேட்போன் செவியோடு ஒழியும். கட்டடத்தின் வழு அண்டை வீட்டான் முற்றத்தில் நூறாண்டு நிழலாக வீழும். கடுமை மிகுந்தது அதனாற்போலும்.

விண்ணப்பம் செல்லும் வழியும் அறியத்தக்கது. உரிமையாளர் முதலிற் கட்டடத் துறையில் வரைபடம் கொடுத்து மறுப்புப் பெற வேண்டும். மறுப்பே வாயில், மறுக்கப்படாதவன் தளர்வு கேட்க இயலாது. அம்மறுப்புடன், தரநிலை முறையீட்டு வாரியம் எனப் பின்னாளிற் பெயர் பெற்ற அக்குழுவை அணுகுவார். வாரியத்தில் ஐவர், நகர மேயரால் ஆறாண்டுக்கு அமர்த்தப்படுவோர், நகரமைப்பறிஞர், கட்டடக் கலைஞர், பொறியாளர் அவருள் இருத்தல் வேண்டும். விண்ணப்பத்தின் படி அவ்வட்டாரத்து மக்கள் குழுவிற்குச் செல்லும். நகரில் அத்தகைய குழுக்கள் 59. அக்குழு தன் கருத்தை உரைக்கலாமேயன்றி முடிவு செய்தல் இயலாது. அண்டை நிலத்தார்க்கு அறிவிப்புச் செல்லும். பின்னர் வாரியம் பொதுவிசாரணை நடத்தும். உறுப்பினர் மனையைச் சென்று காண்பர். விண்ணப்பதாரர் வரவு செலவுக் கணக்கை முன்வைத்து வருவாயின்மையை மெய்ப்பிப்பார். எதிர்ப்பவர் அக்கணக்கை மறுப்பர். இறுதியில் வாரியம் எழுதும் தீர்மானம், ஐந்து மெய்ப்பாடுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, எது எச்சான்றால் நிறுவப்பட்டது எனக் கூறல் வேண்டும். முடிவை ஏலாதார் நீதிமன்றம் செல்வர். நீதிமன்றம் தீர்மானத்திற் கூறிய காரணங்களுக்குச் சான்று உண்டா என்றே நோக்கும். காரணம் எழுதப்படாத தளர்வு அங்கு நிற்பதில்லை.

இம்முறையைக் குறைகாண இடமில்லை என்பதன்று. கணக்கறிஞரையும் வழக்கறிஞரையும் அமர்த்தும் ஆற்றலுடையார்க்கே இவ்வாயில் எளிதில் திறக்கும். ‘தனித்த இயற்கூறு’ என்பதை நீதிமன்றங்களும் நெகிழ்த்தின. குயின்சு வட்டாரத்து தக்ளசுடன் பகுதியின் சதுப்பு நிலம் பற்றிய 1980ஆம் ஆண்டு வழக்கில், அக்குறை அம்மனை ஒன்றற்கே உரியதாக இருக்க வேண்டுவதில்லை எனத் தீர்ப்பாயிற்று. ஆயினும் முறையின் வலிமை வெளிப்பட்ட இடம் ஒன்று உண்டு; அதனை விரித்துரைத்தல் தகும்.

கிழக்கு 96ஆம் தெருவின் 108ஆம் எண் மனையில் 31 மாடிக் கட்டடம் ஒன்றிற்கு 1985இல் நகரக் கட்டடத் துறை அனுமதி வழங்கியது. பார்க் நிழற்சாலையை அடுத்து 150 அடி வரை 19 மாடி அல்லது 210 அடிக்கு மேல் எழும்பலாகாது என்பது விதி. மண்டல வரைபடத்தில் இவ்வெல்லை பிழையாகக் குறிக்கப்பட்டிருந்தது. அனுமதி அப்பிழையை ஒட்டி வழங்கப்பட்டது. வேலை பெரிதும் நடந்துவிட்ட 1986 சூலையில் நகரம் தன் பிழையை உணர்ந்து, மேல்மாடிகளின் வேலையை நிறுத்த ஆணையிட்டது. கட்டியவர் வழக்காடினார். பிழை நகரத்தினுடையது, தாம் நம்பி நடந்தோம் என்றார். 1988இல் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம், அலுவலர் பிழையால் விதி தன் ஆற்றலை இழக்காது என்றும், உரிய கவனத்துடன் நோக்கியிருப்பின் உண்மை எல்லையைக் கட்டியவரே அறிந்திருக்கலாம் என்றும் தீர்த்தது. அதன்பின் வாரியத்திடம் விதித்தளர்வு கோரினார், வாரியம் மறுத்தது. 1993இல் மேல் 12 மாடிகளும் இடித்து இறக்கப்பட்டன. கட்டடம் 19 மாடியாய் நின்றது.

இரக்கமற்ற முடிவு எனத் தோன்றலாம். அரசின் முத்திரையை நம்பியவன் மீது முழுச்சுமையையும் ஏற்றுதல் முறையோ என்னும் வினா எளிதில் விடை பெறுவதன்று. நமக்கும் இதில் ஐயம் உண்டு. ஆயினும் கட்டி முடித்தமை அமைதிக்குரிய காரணங்களுள் ஒன்றாக எண்ணப்படவில்லை என்பது தெளிவு.

இத்தெளிவை மனத்திற்கொண்டு நம் சென்னை நகரை நோக்குவோம். சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் 1920இலேயே இயற்றப்பட்டது. அதன் பின்வந்தது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இச்சட்டத்தின் வழிச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அமைந்து, முழுமைத் திட்டமும், மனையின் பக்க இடைவெளி, தளப்பரப்புக் குறியீடு, வண்டி நிறுத்துமிடம் ஆகியவை பற்றிய விதிகளும் எழுந்தன. அச்சட்டத்தின் 113ஆம் பிரிவு, சட்டத்தில் யாது கூறப்பட்டிருப்பினும், அரசு தக்கதெனக் கருதும் நிபந்தனைகளுடன் எந்நிலத்தையும் கட்டடத்தையும் எவ்விதியினின்றும் விலக்கலாம் என்றது. ஐந்து மெய்ப்பாடும் இல்லை, ஒன்றும் இல்லை. அண்டை மனையார்க்கு அறிவிப்பு வேண்டும் என்றோ, பொதுவிசாரணை வேண்டும் என்றோ, காரணம் எழுதுக என்றோ அப்பிரிவு கூறவில்லை. அதிகாரமும் தனி வாரியத்திடம் இன்றி அரசிடமே இருந்தது.

விளைவு எதிர்பார்க்கத் தக்கதே. 1987-88இல் வழங்கப்பட்ட 62 அரசாணைகளை எதிர்த்து நுகர்வோர் நலக் குழு ஒன்று தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முன்பக்க, பின்பக்க, பக்கவாட்டு இடைவெளியின்மை, மிகுந்த தளப்பரப்பு, வண்டி நிறுத்துமிடக் குறைவு எனப் பலவகை மீறல்களுக்கு அவ்வாணைகள் விலக்களித்திருந்தன. 2000 ஆகத்து 18 அன்று வந்த தீர்ப்பு இருகூறானது. 113ஆம் பிரிவு செல்லும். சட்டத்தின் முகவுரையும் நோக்கமுமே அவ்வதிகாரத்திற்கு வழிகாட்டி. நோக்கத்தை நிறைவேற்றுதற்கன்றி அழித்தற்கு அதனைப் பயன்படுத்தலாகாது என்பது ஒரு கூறு. ஆணைகளில் காரணம் காட்டப்படவில்லை, ஆதலின் அவை செல்லா என்பது மற்றொன்று. வழுவமைதி என்னும் சொல்லை அறியாத நீதிமன்றம் வழுவமைதியின் இலக்கணத்தையே உரைத்தது. காரணம் சுட்டப்படாத வழு வழுவாகவே நின்றது.

ஆனால் அதே தீர்ப்பிற்கு முன்னரே வேறொரு வாயில் திறக்கப்பட்டிருந்தது. 1998இல் சட்டத்தில் 113-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 1999 பிப்ரவரி 28 வரை விதிமீறி எழுந்த கட்டடங்களைக் கட்டணம் பெற்றுக்கொண்டு ஏற்கலாம் என்றது அது. ஒரே ஒருமுறை மேற்கொள்ளும் ஏற்பாடு என்னும் அளவில் உச்ச நீதிமன்றம் அதனை வேண்டாவெறுப்பாக ஏற்றது. எனினும் 2000, 2001, 2002ஆம் ஆண்டுகளில் அக்கடைசி நாள் மேலும் மேலும் நீட்டிக்கப்பட்டது; அத்திருத்தங்களை 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாவாக்கிற்று. பின்னர் 2012இல் 113-சி என்னும் பிரிவு வந்தது. இம்முறை கடைசி நாள் 2007 சூலை 1. ஒருமுறை என்பது எத்துணை முறை என எண்ணுதல் படிப்பார் கடன்.

96ஆம் தெருவோடு இதனை ஒப்பிடுக. அங்குக் கட்டி முடித்தமை காரணமாகாது. இங்கு அதுவே காரணம். அங்குத் தளர்வு கேட்பவன் கட்டுமுன் கேட்கிறான், இங்குக் கட்டியபின். அங்கு மனையின் குறை எடை போடப்படுகிறது; இங்கு மீறலின் சதுர அடி அளந்து கட்டணமாக்கப்படுகிறது. இடித்தலின் துன்பத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. கட்டியவன் ஒருவன், வாங்கிக் குடியிருப்பவர் பலர் என்னும் நிலையில், 12 மாடியை இறக்கிய கடுமையைச் சென்னையின் அடுக்குமாடிகளில் அப்படியே ஆளுதல் வாழ்நாள் சேமிப்பை இழந்த நடுத்தரக் குடும்பங்களைத் தெருவில் நிறுத்தும். ஆயினும் பக்க இடைவெளி என்பது வரைபடத்தின் அழகுக்காக விடப்படுவதன்று. தீயணைப்பு வண்டி செல்லும் வழி அது. தியாகராய நகர் உசுமான் சாலையில் 2017 மே 31 அன்று பல மாடித் துணிக்கடை ஒன்று பற்றி ஒரு நாளுக்கு மேலாக எரிந்தது. அக்கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டது.

எஞ்சியது சொல்லாராய்ச்சி. ஆட்சித் தமிழில் விதித்தளர்வு, விலக்களிப்பு, வரன்முறைப்படுத்தல் என மூன்று சொற்கள் வழங்குகின்றன; செய்தித்தாள்கள் மூன்றையும் ஒரு பொருளவாக எழுதுகின்றன. நாம் மேலே கண்ட வரலாற்றால் அவை மூன்றும் வேறு வேறு. கட்டுமுன், குறித்த காரணத்திற்காக, குறித்த அளவில் தருவது விதித்தளர்வு. வழுவமைதி என்னும் பெயர்க்கு உரியது இதுவே. காரணம் கேளாது தருவது விலக்களிப்பு; 113ஆம் பிரிவின் பழைய ஆணைகள் இவ்வகையின. கட்டியபின் கட்டணம் பெற்று ஏற்பது வரன்முறைப்படுத்தல். வரன்முறை என்பது வழிவழி வந்த ஒழுங்கைக் குறிக்கும் பழஞ்சொல். ஒழுங்கினின்று வழுவி எழுந்ததை ஏற்கும் செயலுக்கு அச்சொல் எவ்வாறு பெயராயிற்று என்பதைக் கலைச்சொற் பட்டியல்களின் பதிப்புகளை வரிசையாக ஒப்புநோக்கி ஆய்வு மாணவர் எவரேனும் காண்பாராக.